மறு: ‘ரைம் சிக்னேச்சர்’ – தாளக்குறி சரிவராது

> ‘தாளக்குறி’ என்று வைத்துவிட்டால் என்ன? எல்லாருக்கும் விளங்குமே.

விளங்கும், ஆனால் பிழையாக விளங்கும். ‘ரைம் சிக்னேச்சர்’ (time signature) என்பது மேலைநாட்டு இசைக்குறிப்பின் தொடக்கத்தில் 7/8, 4/4 என்று நிற்கும் குறி. ஒரு பாரில் (இசையின் ஒரு கட்டத்தில்) எத்தனை அளவுகள் என்பது மேல் எண், எந்த அளவு என்பது கீழ் எண். தாளம் என்றதும் உட்பிரிவும் கூடவே வந்துவிடும். மிஸ்ர சாபு என்ற ஏழு எண்ணிக்கைத் தாளம் என்றால் தகிட தகதிமி, 3+4. 7/8 என்று எழுதினால் ஏழு என்பது மட்டுந்தான் தெரியும். 3+4 ஆ, 2+2+3 ஆ என்பதைப் பாட்டில் அழுத்தம் விழும் இடத்தைக் கேட்டுத்தான் பிடிக்கவேணும். ஆதி தாளத்தின் ஓர் ஆவர்த்தனமே (எட்டு எண்ணிக்கை கொண்ட ஒரு சுற்றே) 4/4 இல் இரண்டு பார் ஆகிவிடுகிறது.

என் தெரிவு ‘மாத்திரைக்குறி’. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு என்று ஒலியின் நீளத்தை அளந்த சொல் அது. அக்கரை (தமிழ்நாட்டு) நண்பர்களுக்கு மருந்து ஞாபகம் வரலாம். வன்னியில் அது குளிசை, ஆகவே குழப்பமில்லை.

– கிளிநொச்சி

அண்ணை, மாத்திரைக்குறிக்கு நானும் சம்மதம். சிக்கல் கீழே நிற்கிற எண்ணில். பிள்ளைகள் 6/8 ஐப் பின்னம் என்று நினைத்து 3/4 ஆகச் சுருக்கிவிடுகிறார்கள். ‘ஆறெட்டு’ என்று வாசித்தாலோ வாய்ப்பாடு வந்து நிற்கிறது, நாற்பத்தெட்டு!

எங்கள் பழைய கீழ்வாய் எண்கள் (பின்னங்களின் பெயர்கள்) இதற்கென்றே செய்தமாதிரி இருக்கின்றன. 2 க்கு அரை, 4 க்குக் கால், 8 க்கு அரைக்கால், 16 க்கு வீசம். அப்போது 6/8 ‘ஆறு அரைக்கால்’, 5/4 ‘ஐந்து கால்’. சுருக்க இடமேயில்லை.

பைலா ஆட்டப்பாட்டை வைத்துக் காட்டினால் கெதியாய்ப் பிடிபடும். அது ஆறு அரைக்கால். அழுத்தம் 1 இலும் 4 இலும். கீபோட்டில் 3/4 வால்ட்ஸ் ஸ்டைலைப் போட்டால், அரைக்கால்களாக எண்ணும்போது அழுத்தம் 1, 3, 5 இல் விழும். எண்ணிக்கை அதே ஆறுதான், ஆனால் ஆடுகிறவர்களின் கால் பின்னிக்கொள்ளும்.

– முள்ளியவளை

தங்கச்சி, கீழ்வாய் எண் அருமை. ஒன்று மட்டும் சேர்க்கவேணும்: கீழ் எண் சொல்வது அளவின் பெயரை. காலால் தட்டுகிற இடம் வேறாக இருக்கலாம். ஆறு அரைக்காலில் தட்டு இரண்டுதான், மிருதங்கக்காரருக்குத் திஸ்ர நடையில் (ஒரு தட்டுக்கு மூன்று) இரண்டு தட்டு என்றால் போதும். ஆகவே ‘பீற்’ (beat) என்பதற்குத் ‘தட்டு’ என்று தனிச்சொல் வைப்போம்.

இதைப் பிரிக்காவிட்டால் வேகமும் பிழைக்கும். நிமிடத்துக்கு 120 தட்டு என்றால் அரைக்கால்கள் 360. வேகத்தைக் கால் அளவின் கணக்கில் காட்டும் கீபோட்டில் 180 என்று வைக்கவேணும். 120 இலேயே விட்டால் பாட்டு இழுபடும். அந்தத் தட்டின் நீளம் மூன்று அரைக்கால். அதற்கும் ‘காலேயரைக்கால்’ என்ற பெயர் கணக்கில் ஏற்கெனவே இருக்கிறது.

– கிளிநொச்சி

அப்ப 3/4 ‘முக்கால்’ தானே அண்ணை? ‘மூன்று கால்’ என்றால் வகுப்பு முழுக்க முக்காலியை நினைத்துச் சிரிக்கும்.

– முள்ளியவளை