கை எம்.ஆர்.ஐ.யை வைச்சு இருதய வருத்தத்தைப் பிடிக்கலாமோ? விளங்கின ஆக்கள் சொல்லுங்கோ

பரந்தன் மகள்:
அப்பாவுக்கு 72 வயது, கமக்காரர். கன வருசமா ரெண்டு கையும் விறைப்பு. இரவில எழும்பியிருந்து கையை உதறுவார். சேட்டுப் பொத்தானை அம்மாதான் பூட்டி விடுறா. வலது கைக்கு முந்தியே கார்ப்பல் டனலுக்கு, அதுதான் மணிக்கட்டில நரம்பு நெரிபடுறதுக்கு, ஒப்பரேஷன் செய்தது. இப்ப இடது கைக்கு எம்.ஆர்.ஐ. எடுத்ததில, நடுநரம்பு வீங்கி, விரல் நாண்களைச் சுத்தின உறை தடிச்சிருக்காம். சிறுபோகத்தில இருந்து வரம்பில நடக்கவே மூச்சு வாங்குது, காலும் வீங்குது. எக்கோ எண்ட இருதய ஸ்கானில சுவர் 15 மில்லிமீற்றராத் தடிச்சிருக்காம். பிரஷராலதான் எண்டினம். ஆனா பிரஷர் இறங்கி, குளிசையையே குறைச்சாச்சு. அமிலோயிட் எண்டு ஒரு வருத்தம் கைக்கும் இருதயத்துக்கும் வருமாமே, உண்மையோ?

குருமன்காடு:
அக்கா, மண்வெட்டி பிடிக்கிற கை விறைக்காதோ? சீனி வருத்தம், தைரொயிட் இருந்தாலும் வரும். வீணாப் பயப்பிடாதேங்கோ.

ஸ்கான் அறை:
தம்பி சொல்லுறது பெரும்பாலான ஆக்களுக்குச் சரி. ஆனா வயசான ஆம்பிளை, ரெண்டு கையிலயும் விறைப்பு, தடிச்ச இருதயச் சுவர், தானா இறங்கின பிரஷர், எல்லாம் ஒரே ஆளில சேர்ந்தால் அப்பிடி விட ஏலாது. ட்ரான்ஸ்தைரெற்றின் எண்ட புரதம் உருக்குலைஞ்சு படியிறதுதான் ஒரு வகை அமிலோயிட். அது மணிக்கட்டில படிஞ்சு, பல வருசம் கழிச்சுத்தான் இருதயத்தில தெரியவரும். அதாலதான் கை முக்கியம்.

எண்டாலும் எம்.ஆர்.ஐ. சந்தேகத்தைக் கிளப்புமே தவிர முடிவு சொல்லாது. உறை தடிக்கிறது வாதத்திலயும் வரும். சாதாரண நீர்க்கோப்பு எம்.ஆர்.ஐ.யில ரி2 எண்ட வகைப் படத்தில வெள்ளையாத் தெரியும். அமிலோயிட் படிவு கொஞ்சம் மங்கலா நிக்கிறது வழமை, ஆனா அதை மட்டும் நம்பேலாது. டயலிசிஸ் கன காலம் செய்த ஆக்களுக்கும் கையில அமிலோயிட் படியும், அது வேற புரதம். நெடுங்கேணி, செட்டிகுளம் பக்கம் சிறுநீரக வருத்தக்காரர் இருக்கிறபடியால் இதையும் சொல்லுறன்.

இடது கைக்கு ஒப்பரேஷன் எண்டால், உறையில சின்னத் துண்டை எடுத்துக் கொங்கோ ரெட் சாயம் போட்டுப் பாக்கச் சொல்லி முதலே கேளுங்கோ. அமிலோயிட் எண்டால் துருவ ஒளியில பச்சையா மின்னும். வெட்டி எறிஞ்சாப் பிறகு கேட்டுப் பலனில்லை.

பரந்தன் மகள்:
கேக்க மறந்திட்டன் அண்ணா. கிணத்தில வாளி இழுக்கேக்க அப்பாவின்ர புயத்தில ஏதோ அறுந்த மாதிரி சத்தம் கேட்டது. இப்பவும் சதை உருண்டையாத் திரண்டு நிக்குது. அதுக்கும் இதுக்கும் தொடர்போ? மற்றது, முதுகில 2009 சண்டையில பட்ட செல் குண்டுத் துண்டு கிடக்கு. நெஞ்சுக்கும் எம்.ஆர்.ஐ. எண்டால் பயமாக் கிடக்கு.

ஸ்கான் அறை:
புயத்து நாண் அறுகிறதும் இந்த வருத்தத்தில காணுற ஒண்டுதான். கட்டாயம் டொக்டருக்குக் காட்டுங்கோ.

செல் துண்டைப் பற்றி ஸ்கான் எடுக்கிற ஒவ்வொரு முறையும் சொல்லுங்கோ, எக்ஸ்ரேயையும் கொண்டு போங்கோ. கை எடுக்கேக்க பிரச்சினை வரேல்லை எண்டு நெஞ்சுக்கும் விடேலாது. கண், பெரிய ரத்தக்குழாய், முள்ளந்தண்டுக்குக் கிட்ட இரும்பு இருந்தால் ஆபத்து. நம்மடை சனத்தில கனபேர் உடம்பில துண்டோட திரியினம், கேட்டால்தான் சொல்லுவினம்.

எம்.ஆர்.ஐ. ஏலாட்டிலும் வழி இருக்கு. டெக்னீசியம் பைரோபொஸ்பேற் ஊசி போட்டு எடுக்கிற ஸ்கானில இருதயம் மருந்தை நல்லா இழுத்தால் ட்ரான்ஸ்தைரெற்றின் வகை எண்டு சந்தேகிக்கலாம். ஆனா அதோட ரத்தத்திலயும் சிறுநீரிலயும் லைற் செயின் எண்ட இன்னொரு புரதத்தையும் பாத்தே ஆகோணும். அது படியிற லைற் செயின் வகை அமிலோயிட்டிலயும் அந்த ஸ்கான் சிலநேரம் பொசிற்றிவ் காட்டும். அந்த வகை கெதியா முத்தும், வைத்தியமும் வேற. அதால ரத்தம், சிறுநீரை முதல் குடுங்கோ, பிந்த விடாதேங்கோ.

முறிகண்டி:
என்ர மாமாவுக்கு ஈ.சி.ஜி.யில கோடு சின்னன், எக்கோவில சுவர் தடிப்பு. அந்த ரெண்டும் பொருந்தாததைக் கண்டுதான் டொக்டர் யோசிச்சவர். அப்பாவின்ர பழைய ஈ.சி.ஜி. எல்லாத்தையும் கொண்டு போங்கோ. மருந்து ஒண்டையும் தானா நிப்பாட்டாதேங்கோ. டஃபாமிடிஸ் எண்ட குளிசை 2019இல அமெரிக்காவில அனுமதிச்சது. ட்ரான்ஸ்தைரெற்றின் வகைக்குத்தான். படிஞ்சதைக் கரைக்காது, மேல படியிறதை மெதுவாக்கும். விலை கூட.

பரந்தன் மகள்:
கிளினிக்கில காட்டினன். பழைய ஈ.சி.ஜி.யைப் பாத்திட்டு டொக்டர் ரத்தம், சிறுநீர் ரெண்டுக்கும் எழுதினவர். ஒப்பரேஷனில எடுக்கிற உறைத் துண்டைச் சோதனைக்கு அனுப்பச் சொல்லிக் கை டொக்டருக்கும் கடிதம் தந்திருக்கிறார். றிசல்ட் வந்த உடன இங்க போடுறன்.