மேல் தட்டுக்கு ஒரு ஈரப்பதம், கீழ்த் தட்டுக்கு வேறா?

கேள்வி:
மாவு ஆலை ஆய்வகத்தில் வேலை. விசிறி இல்லாத பழைய ஹாட் ஏர் ஓவனில் ஈரப்பதம் அளக்க 130 டிகிரியில் கோதுமை மாவை உலர்த்துகிறோம். ஒரே மூட்டை மாவு, தட்டுக்குத் தட்டு ஈரப்பதம் மாறுகிறது. விசிறி ஓவன் வாங்கலாம் என்கிறார் முதலாளி. மாவு பறக்காதா?

மறுமொழி 1:
தாராளமாக வாங்கச் சொல்லுங்கள் ஐயா. விசிறி இல்லாவிட்டால் சூடான காற்று மேலேதான் ஏறும். திரையில் தெரியும் 130, உணரி இருக்கும் இடத்தின் வெப்பம் மட்டுமே. மூலையில் என்ன நடக்கிறது என்று அதற்குத் தெரியாது. பறப்பதுதான் கவலையென்றால் விசிறி வேகத்தைக் குறைக்க வசதியுள்ளதாகப் பாருங்கள். கிண்ண மூடியைச் சாய்த்து வையுங்கள். துளைத்தட்டில் அலுமினியத் தாள் விரிக்கும் பழக்கம் பல ஆய்வகங்களில் உண்டு; பார்த்தாலே எரிச்சல் வரும். காற்றோட்டத்தை அடைத்துவிட்டு விசிறி எதற்கு?

மறுமொழி 2:
கொழுப்புச் சோதனைக் குடுவையை, எளிதில் தீப்பற்றும் கரைப்பானான பெட்ரோலியம் ஈதரின் வாடையோடு அதே ஓவனில் வைத்துவிடாதீர்கள். உள்ளே இருப்பது பழுக்கக் காய்ந்த கம்பிச்சுருள்.

கேட்டவர்:
நன்றி. தாள் இங்கேயும் விரித்திருக்கிறது! புது ஓவன் வரும்வரை எல்லாக் கிண்ணங்களையும் நடுத்தட்டிலேயே வைக்கலாமா?

மறுமொழி 1:
வைக்கலாம், இடைவெளி விட்டு. முதலில் தாளை உருவுங்கள்.