உழுவை சுறாவா, திருக்கையா? ஜுராசிக் கல்லில் இருப்பதும் உழுவைதானா?

துறைமுகத்துப் பெண்:
என் அப்பா காசிமேட்டில் மீன் வியாபாரம் செய்கிறார். எப்போதாவது உழுவை வரும். ஆற்று உளுவை இல்லை, கிதார் மாதிரி இருக்கும் கடல் மீன். அப்பா அதைச் சுறாவோடு சேர்ப்பார். கல்லூரியிலோ திருக்கை என்கிறார்கள். பழைய பாடநூலில் ரைனோபேட்டிடே என்று ஒரே குடும்பம், புதுப் பட்டியலில் நாலைந்து குடும்பம். இதற்கு நடுவில் ஜெர்மனியின் சோல்ன்ஹோஃபன் சுண்ணாம்புக்கல்லில் பதிந்த ஒரு மீனின் படம் பார்த்தேன், அச்சு அசல் உழுவை! ஜுராசிக் காலத்தது, 15 கோடி ஆண்டுப் பழையதாம். அவ்வளவு பழைய குடும்பமா இது?

ஓய்வுபெற்ற வாத்தியார்:
முதலில் மீனைப் புரட்டிப் பாரம்மா. சுறாவுக்குச் செவுள் பிளவுகள் கழுத்தின் பக்கவாட்டில் இருக்கும். உழுவைக்கு ஐந்து ஜோடியும் வெள்ளை வயிற்றுப் பக்கம், வாய்க்குப் பின்னால். மார்புத் துடுப்பும் தலையோடு ஒட்டியிருக்கும். ஆக, திருக்கை இனம். ஆனால் நீந்துவது சுறாவைப் போல வாலை வீசித்தான், அதனால் அப்பா சொல்வதிலும் நியாயம் உண்டு. அரிஸ்டாட்டிலே இதை ஒருவகைச் சுறாவுக்கும் திருக்கைக்கும் பிறந்த கலப்பு என்று நினைத்தார். உழுவையின் ஒரு பேரினத்துக்கு வைத்த 'ரைனோபேட்டஸ்' என்ற அறிவியல் பெயரே அந்த இரண்டின் கிரேக்கப் பெயர்களையும் சேர்த்ததுதான்.

நான் பாடம் நடத்திய காலமெல்லாம் கரும்பலகையில் ஒரே குடும்பம் என்றுதான் எழுதினேன். 2016-இல் பீட்டர் லாஸ்ட், பெர்னார்ட் செரே, கேவின் நேலர் என்ற மூன்று மீன் ஆய்வாளர்களும் மரபணுச் சான்றையும் உடலமைப்பையும் வைத்துப் பிரித்து எழுதினார்கள். கிளாகோஸ்டெகிடே தனிக் குடும்பமானது, டிரைகோனோரைனிடேயும் தனி. அதைவிட எனக்கு ஆச்சரியம் வேளா. மூக்கில் ரம்பம் வைத்திருக்கிற அந்த மீன் உழுவைகளின் கிளைக்குள்ளேயே வந்து உட்காருகிறது. கிதார் உடம்பு கொண்ட பிளாட்டிரைனா என்ற மீனோ மின்திருக்கைகளுக்குப் பக்கத்தில் போய்விட்டது! என்னிடம் படித்த பிள்ளைகளுக்கு இதைத் திருத்திச் சொல்ல முடியவில்லையே என்ற குறை இன்றும் உண்டு.

உன் கேள்விக்கான பதிலும் இதில்தான் இருக்கிறது. கிதார் வடிவம் குடும்ப அடையாளம் இல்லை. திருக்கை இனத்தின் பழைய உடம்பு அது, பல கிளைகள் அதை அப்படியே வைத்துக்கொண்டன. நீ பார்த்தது ஸ்பாத்தோபேட்டிஸ் அல்லது ஆஸ்டெரோடெர்மஸ் ஆக இருக்கலாம். இன்றைய திருக்கைகள் கிளை பிரிவதற்கு முன்பே ஒதுங்கிய மீன்கள் என்று அவற்றை வைக்கிறார்கள். உழுவைக்குப் பாட்டன் இல்லை.

கல்தேடி:
ஐயா சொன்னதோடு ஒன்று. குருத்தெலும்பு சீக்கிரம் அழிந்துவிடும், முழு உடம்பு கல்லாவது அபூர்வம். லெபனானின் ஹாக்கெல் (சுமார் 9.5 கோடி ஆண்டு), இத்தாலியின் மோந்தே போல்கா (சுமார் 5 கோடி) மாதிரிச் சில இடங்களில்தான் கிடைக்கிறது. மற்ற இடங்களில் வண்டலைச் சலித்தால் எள்ளளவு பற்கள் வரும். லென்ஸில் பார்த்தால் உள்பக்கம் நடுவில் நாக்கு மாதிரி ஒரு நீட்சி, இருபுறமும் சின்னதாக இரண்டு. அந்தப் பல்லை மட்டும் பார்த்து எத்தனையோ இனங்களுக்கு 'ரைனோபேட்டஸ்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். பழைய பட்டியல்களில் அந்தப் பெயரைக் கண்டால் இன்றைய பேரினம்தான் என்று நம்பிவிடாதீர்கள்.

அப்புறம், ஜுராசிக்குக்கு அடுத்த கிரெட்டேசியஸ் காலத்தில் வாழ்ந்த ஆன்கோபிரிஸ்டிஸ் என்ற மீனுக்கும் ரம்பம் உண்டு, ஆனால் அது வேளாவின் முன்னோர் அல்ல. வேளாவின் ரம்பப் பல் குழிக்குள் பதிந்து வளரும், ஆன்கோபிரிஸ்டிஸின் பல்லுக்குக் குழி கிடையாது.

துறைமுகத்துப் பெண்:
போன மாதம் எடுத்த போட்டோவைப் பார்த்தேன் ஐயா. செவுள் வயிற்றுப் பக்கம்தான்! முதல் முதுகுத் துடுப்பு இடுப்புத் துடுப்புக்கு நேர் மேலே இருக்கிறது. வால் துடுப்புக்குக் கீழ்மடலும் நன்றாகத் தெரிகிறது.

ஓய்வுபெற்ற வாத்தியார்:
அப்படியானால் அது ரைங்கோபேட்டஸ், ரைனிடே குடும்பம். ரைனோபேட்டஸுக்கு முதல் முதுகுத் துடுப்பு நன்றாகப் பின்தள்ளி இருக்கும், வாலில் கீழ்மடல் தெரியாது. இதே ரைனிடேயில் உள்ள ரைனா ஆன்சிலோஸ்டோமாவை 1801-இல் பிளாக்கும் ஷ்னைடரும் விவரித்தது நம் சோழமண்டலக் கரை மீனை வைத்துத்தான்.

அப்பாவிடம் ஒன்று சொல்லிவிடு. ரைங்கோபேட்டஸ் ஜிடென்சிஸ் என்ற பெயர் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது. வலையில் உயிரோடு வந்தால் கடலிலேயே விட்டுவிடும்படி படகுக்காரர்களிடம் பேசச் சொல்.