தூளியில் தூங்கும் குழந்தைக்குக் கணுக்கால் கருவி 'விழிப்பு' காட்டுகிறது

கேள்வி:
காரைக்குடி, தேவகோட்டை சுற்றுவட்டாரத்தில் 2 முதல் 4 மாதக் குழந்தைகளுக்கு ஆக்டிகிராஃப் (அசைவைப் பதிந்து தூக்கம், விழிப்பு கணிக்கும் சிறு கருவி) கட்டி 7 நாள் தூக்கம் அளக்கிறோம். இடது கணுக்கால், 1 நிமிட எபாக் (அசைவைக் கூட்டிப் பதியும் கால அலகு). பகலில் தூளியில் நன்றாகத் தூங்கியதாக அம்மா எழுதித் தரும் நேரமெல்லாம் 'விழிப்பு' என்று வருகிறது. எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும் நேரமோ அசையாத தூக்கமாம்! எங்கே கோளாறு?

பதில் 1:
குளியல் எளிது. கழற்றி வைத்த கருவி அசையாது. அசைவில்லை என்றால் மென்பொருளுக்குத் தூக்கம்தான். கழற்றிய நேரம், கட்டிய நேரம் இரண்டையும் எழுதி வாங்கி, அந்த நிமிடங்களைக் கணக்கிலிருந்தே எடுத்துவிடுங்கள்.

தூளிதான் தலைவலி. உங்கள் பக்கத்துப் பழைய வீடுகளில் உத்தரம் உயரம், தூளியும் நீளம். 2 மீட்டர் தொங்கினால் ஓர் ஆட்டத்துக்கு சுமார் 2.8 வினாடி, அதாவது 0.35 ஹெர்ட்ஸ். ஒவ்வோர் ஆட்டத்திலும் இழுவிசை இரண்டு முறை ஏறி இறங்குவதால் கருவி உணர்வது 0.7 பக்கம் இருக்கும். 0.25 முதல் 2.5 ஹெர்ட்ஸ் வரையான அசைவை உள்ளே விடும் கருவியின் வடிகட்டி இதைத் தடுக்காது. ஆட்டிவிடும் கையின் வேலை குழந்தையின் கணக்கில் ஏறுகிறது.

இன்னொரு கருவியைத் தூளித் துணியின் வெளிப்புறத்தில், குழந்தைக்கு எட்டாத உயரத்தில் தைத்துவிடுங்கள். இரண்டுக்கும் ஒரே கணினியில் நேரம் வையுங்கள். குழந்தை உதைத்தாலும் துணி ஆடும்தான். ஆனால் உதை ஒழுங்கில்லாமல் வரும், ஆட்டுவது சீராக வரும். இதைப் பிரித்துப் பார்க்க மூலப்பதிவு வேண்டும், நிமிட எண்ணிக்கை போதாது. 30 ஹெர்ட்ஸில், அதாவது வினாடிக்கு 30 அளவீடாக, சேமியுங்கள்.

பதில் 2:
அசைவு எண்ணிக்கையை வைத்துத் தூக்கமா விழிப்பா என்று முடிவு செய்ய மென்பொருளில் எந்தச் சூத்திரம் ஓடுகிறது? கோல்-கிரிப்கி (1992) பெரியவர்களுக்கானது. சாதே 1995இல் முதல் வயதுக் குழந்தைகளுக்கென்றே தந்ததைப் பாருங்கள். இந்த வயதில் தூக்கத்தில் கணிசமான பங்கு துடிப்புத் தூக்கம்: கைகால் வெட்டும், முகம் சுளிக்கும், கண் திறக்காது. அதைக் கருவி விழிப்பு என்றே எண்ணும். தொடர்ந்து 5 நிமிடம் அசைவிருந்தால் மட்டும் விழிப்பு என்று விதி வைத்தால் பாதித் தொல்லை தீரும்.

பதில் 3:
வெள்ளித் தண்டை போட்ட காலில் கட்டாதீர்கள். தண்டை கருவியில் இடிக்கும், தோலும் கன்றும். கழற்றச் சொன்னால் ஆச்சி சம்மதிக்க மாட்டார், வற்புறுத்தவும் வேண்டாம். இரண்டு காலிலும் தண்டை இருந்தால் அதற்கு மேலே, கெண்டைக்காலின் அடியில் பருத்திப் பட்டையால் கட்டுங்கள். ஒரு விரல் நுழைய வேண்டும். வெயில் நாளில் வேர்த்துப் புண்ணாகும்; குளிப்பாட்டும்போதெல்லாம் தோலைப் பாருங்கள், பட்டையை மாற்றுங்கள்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. இரண்டாவது கருவி இல்லாமல் ஏற்கெனவே எடுத்த பதிவுகளை என்ன செய்வது?

பதில் 1:
இரவில் பாயில் படுத்த குழந்தைகளின் இரவுப் பதிவை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், அதுவும் 5 இரவாவது பழுதில்லாமல் இருந்தால். பகல் தூக்கத்துக்கு அம்மா எழுதிய தாளே ஆதாரம். இனி அந்தத் தாளில் 15 நிமிடக் கட்டம் போட்டு, 'தூளி ஆட்டினோம்', 'இடுப்பில் தூக்கினோம்' என்று இரண்டு வரிசை சேருங்கள். இடுப்பில் தூங்கும் குழந்தைக்கும் இதே சிக்கல் வரும்.