ஏன் என்று கேட்டதற்கு மஞ்சள் அட்டையா?

விங்14:
அமெச்சூர் ரக்பியில் நடுவருக்கு மரியாதை வேண்டும், சரி. ஆனால் போன ஆட்டத்தில் எங்களுக்கு எதிராகப் பெனால்டி விழுந்ததும் எங்கள் ப்ராப் (முன்வரிசை ஆட்டக்காரன்) "ஏன் சார், பந்தை விட்டுட்டேனே" என்றான். உடனே பெனால்டி இடம் எங்கள் கோட்டை நோக்கி 10 மீட்டர் முன்னே போனது. அவன் கையை விரித்தான், மஞ்சள் அட்டை. 10 நிமிடம் 14 பேரோடு ஆடித் தோற்றோம். இது ஒழுக்கமா, வாயடைப்பா?

பழைய விசில்:
10 மீட்டர் போனதே எச்சரிக்கைதான். அதற்கப்புறமும் கையை விரித்தால்? நடுவரின் முடிவை எதிர்த்து வாதாடக்கூடாது என்று 9-வது விதியிலேயே இருக்கிறது. பேச வேண்டியவர் கேப்டன், அதுவும் ஆட்டம் நின்ற பிறகு. டிவியில் வரும் ஆட்டத்தில் இரண்டு உதவி நடுவர்கள், போதாக்குறைக்கு வீடியோ நடுவர். நமக்கு ஒரே ஆள். கோட்டோரம் கொடி பிடிப்பவர் பெரும்பாலும் ஏதோ ஓர் அணியின் ரிசர்வ் ஆட்டக்காரர். ரக்கில் (தரையில் கிடக்கும் பந்துக்காக இரு அணியும் முட்டித் தள்ளும் இடம்) யார் பக்கவாட்டில் நுழைந்தார், யார் பந்தை விடவில்லை, பின்னால் யார் ஆஃப்சைடு, அத்தனையும் அந்த ஒருவரே பார்க்க வேண்டும். 30 பேருக்கும் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தால் ஆட்டம் நடந்த மாதிரிதான்.

விங்14:
கேப்டன் நான்தான். விங்கில், அதாவது மைதானத்தின் ஓரத்தில் நிற்கிறேன், ரக்குக்குள் நடந்தது எனக்கு எப்படித் தெரியும்? ஓடி வருவதற்குள் எதிரணி பந்தைத் தட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறது.

கோட்டோரப் பார்வையாளன்:
ரக்பிக்காரர்கள் பேசும் மரியாதைப் பெருமையைக் கேட்டால் எனக்குச் சிரிப்புதான் வருகிறது. 2021-ல் பிரிட்டிஷ்-ஐரிஷ் லயன்ஸ் அணி தென்னாப்பிரிக்காவோடு ஆடிய தொடரில் நடுவர் நிக் பெரியின் முடிவுகளைக் குறை சொல்லித் தென்னாப்பிரிக்க ரக்பி இயக்குநர் ராசி எராஸ்மஸ் பேசிய ஒரு மணி நேர வீடியோ இணையத்தில் வந்தது. அவருக்கு 2 மாதத் தடை. 2023 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் வீடியோ நடுவராக இருந்த டாம் ஃபோலி, வசவும் மிரட்டலும் தாங்காமல் சர்வதேச ஆட்டங்களிலிருந்தே ஒதுங்கினார். மைதானத்துக்குள் 'சார்', வெளியே வந்தால் வசவு. உங்கள் ப்ராப்பை விடுங்கள், கோட்டுக்கு வெளியே நின்று 80 நிமிடமும் கத்தும் பயிற்சியாளருக்கு யார் அட்டை காட்டுகிறார்கள்?

பழைய விசில்:
கத்தினால் அவரையும் வெளியேற்றலாம். பல நடுவர்கள் செய்வதில்லை, அது எங்கள் பக்கத்துக் கோழைத்தனம். ஆனால் மேலே நடக்கும் அசிங்கத்தைக் காட்டிக் கீழேயும் தளர்த்தச் சொல்வது என்ன நியாயம்? இங்கிலாந்தில் அடிமட்டக் கால்பந்தே 2019-ல் நடுவரை எதிர்த்துப் பேசுபவரை 10 நிமிடம் வெளியே உட்கார வைக்கத் தொடங்கியது. நம் முறையை அவர்கள் எடுத்துக்கொள்ளும்போது நாம் கைவிடுவதா?

விங்14:
கைவிடச் சொல்லவில்லை. கேள்வி வேறு, வசவு வேறு. இரண்டுக்கும் ஒரே தண்டனை என்றால் ஆட்டக்காரனுக்கு வருவது பயம்தான், மரியாதை இல்லை.

கோட்டோரப் பார்வையாளன்:
அதில் நான் உங்கள் கட்சி. இருந்தாலும் கையை விரிப்பது கேள்வி இல்லைங்க, பார்வையாளர்களுக்குக் காட்டும் நாடகம்.

பழைய விசில்:
விங்கில் நிற்கும் கேப்டன் என்றால் ஒரு வழி உண்டு. ரக்கின் பக்கமே இருக்கும் ஃபார்வர்டுகளில் ஒருவரும் உங்கள் சார்பில் பேசலாமா என்று நடுவரிடம் கேளுங்கள். பலர் ஒத்துக்கொள்வார்கள், நானும் ஒத்துக்கொண்டிருக்கிறேன். டாஸ் போடும்போதே கேட்டுவிடுங்கள், முதல் பெனால்டி விழுந்த பிறகு கேட்டால் அதுவும் வாதமாகத்தான் தெரியும்.

விங்14:
கேட்கிறேன். அந்த அட்டை மட்டும் தப்புதான்.