காசிமேட்டில் பழைய கேனான் 450டி கேமரா: படம் ஷார்ப்பா வரலை, பாடி (லென்ஸ் இல்லாத கேமரா) மாத்தணுமா?

ராயபுரம்_ஃப்ரேம்:
செகண்ட் ஹேண்ட் 450டி. கூட 18-55 மி.மீ., 55-250 மி.மீ.னு ரெண்டு ஸ்டெபிலைசர் (கை ஆட்டத்தைக் குறைக்கிற) லென்ஸ். விடிகாலையில மீன்பிடித் துறைமுகத்துல எடுக்கிற படங்கள் மொழுக்குன்னு இருக்கு, ஏலக் கொட்டகைக்குள்ள இன்னும் மோசம். ஃபுல் ஆட்டோ மோட், ஜேபெக். 12 மெகாபிக்சல் பத்தலையா, லென்ஸ் போச்சா?

பழையபாடி:
மெகாபிக்சலைக் குத்தம் சொல்லாதீங்க. 4272க்கு 2848 பிக்சல், 12க்கு 8 இன்ச் பிரிண்டுக்கு தாராளம்.

முதல்ல எந்த வகை மங்கல்னு பாருங்க. படத்தை 100%ல பெரிசாக்குங்க. தண்ணி மேல மினுங்குற புள்ளியெல்லாம் ஒரே பக்கமா கோடு இழுத்திருந்தா கை ஆட்டம். படகு தெளிவா இருந்து கூடை தூக்குறவர் மட்டும் கரைஞ்சிருந்தா அவரோட அசைவு. இதுக்கு ஸ்டெபிலைசர் ஒண்ணும் பண்ணாது. முகம் மங்கி முன்னாடி இருக்கிற கயிறு பளிச்னு இருந்தா ஃபோகஸ் தப்பு. ஃப்ரேம் முழுக்க பால் ஊத்தின மாதிரி வெளுத்திருந்தா லென்ஸ்லயோ ஃபில்டர்லயோ உப்புப் படலம்.

ஃபுல் ஆட்டோவை விடுங்க. அதுல 9 ஃபோகஸ் பாயிண்ட்ல எதைப் பிடிக்கணும்னு கேமராவே முடிவு பண்ணும், பெரும்பாலும் கிட்ட இருக்கிறதைத்தான் பிடிக்கும். காசிமேட்டுல கிட்ட இருக்கிறது எப்பவும் வலையோ கயிறோதான்! நடு பாயிண்ட் மட்டும் வைங்க. இந்த பாடியில கிராஸ் டைப் (நெடுக்கு, கிடைக்கோடு ரெண்டையும் பிடிக்கிறது) அது ஒண்ணுதான். ஃபோகஸ் மோட், நிக்கிற ஆளுக்கு ஒன் ஷாட் (ஒரு தடவை பிடிச்சு நிக்கும்), நடக்கிற ஆளுக்கு ஏஐ சர்வோ (ஆளைத் தொடர்ந்து பிடிக்கும்).

எண்ணூர்_எக்ஸ்போஷர்:
கை ஆட்டம் தெரியாம இருக்க ஷட்டர் கணக்கு: ஃபோக்கல் லெங்த்தை (லென்ஸ்ல இருக்கிற மி.மீ. எண்) 1.6ஆல பெருக்குங்க. 250 மி.மீ.க்கு 1/400 செகண்ட், 55க்கு 1/90. ஸ்டெபிலைசர் இருந்தா இதை விட இறங்கலாம், ஆனா எதிர்ல இருக்கிறவர் அசையாம இருந்தா மட்டும். கூடையோட நடக்கிறவருக்கு 1/250க்குக் கீழ போகாதீங்க.

கொட்டகைப் பிரச்சினை இங்கதான். டியூப்லைட்ல 18-55ஐ 55 மி.மீ.ல வெச்சா எஃப்/5.6க்கு மேல திறக்காது (எஃப் எண் சின்னதானா திறப்பு பெரிசு). ஐஎஸ்ஓ (சென்சாரோட உணர்திறன்) 1600லயும் (450டிக்கு அதான் உச்சம்) ஷட்டர் 1/30 கிட்டதான் நிக்கும். 50 மி.மீ. எஃப்/1.8 ஒண்ணு வாங்குங்க, கிட்டத்தட்ட பத்து மடங்கு வெளிச்சம். பாடி மாத்துற காசுல இதுக்கு ஆகுறது கொஞ்சம்தான். ஆனா முழுசா திறந்தா 2 மீட்டர்ல ஃபோகஸ் ஆழம் சுமார் 10 செ.மீ.தான், மூக்குல பிடிச்சா காது போயிடும். அதனால எஃப்/2.8 வரை மூடி, வெளிச்சம் பத்தலைன்னா மட்டும் திறங்க.

வெளியில கிட் லென்ஸுக்கு (கேமராவோட வர்ற 18-55) எஃப்/8. எஃப்/16 தாண்டினா டிஃப்ராக்ஷன்ல (சின்ன திறப்புல ஒளி சிதறுறது) மறுபடி மொழுக்குதான். இருட்டா எடுத்துட்டு கம்ப்யூட்டர்ல தூக்கலாம்னு நினைக்காதீங்க, அந்தக் காலத்து சென்சார் நிழல்ல நாய்ஸைத்தான் கொடுக்கும். ஜேபெக்குக்குப் பதிலா ரா (RAW, சுருக்காத ஃபைல்) ஃபார்மட்ல எடுங்க.

ராயபுரம்_ஃப்ரேம்:
நன்றிண்ணே. நடு பாயிண்ட் வெச்சும் 55-250 ஜூம்ல முகம் தப்புது, 18-55 சரியா இருக்கு.

பழையபாடி:
அப்போ டெஸ்ட் பண்ணுங்க தம்பி. ட்ரைபாட், ஸ்டெபிலைசர் ஆஃப், 2 செகண்ட் டைமர். ஒரு தினத்தந்தி தாளைச் சுவத்துல நேரா ஒட்டி, பக்கத்துல ஒரு ஸ்கேலை 45 டிகிரி சாய்ச்சு வைங்க. 250ல, முழுசா திறந்து, வ்யூஃபைண்டர் வழியா ஃபோகஸ் பண்ணி அஞ்சு ஷாட். ஒவ்வொரு தடவையும் ஃபோகஸை வேணும்னே கலைச்சுட்டு மறுபடி பிடிங்க. அப்புறம் லைவ் வ்யூல 10 மடங்கு பெரிசாக்கி, கையால ஃபோகஸ் பண்ணி ஒண்ணு.

லைவ் வ்யூ பளிச், மத்தது எல்லாம் ஒரே பக்கமா தப்புதுன்னா ஏஎஃப் (ஆட்டோ ஃபோகஸ்) அலைன்மெண்ட் தப்பு. 450டில அதை நாமே சரி பண்ற மைக்ரோ அட்ஜஸ்ட்மெண்ட் மெனு கிடையாது, கேனான் 50டில உண்டு. பாடி, லென்ஸ் ரெண்டையும் சேர்த்தே சர்வீஸுக்குக் கொடுங்க. லைவ் வ்யூ ஷாட்டும் மங்கல்னா லென்ஸ் க்ளாஸ்தான் கெட்டிருக்கு. டார்ச் அடிச்சு உள்ள சிலந்தி வலை மாதிரி பூஞ்சை இருக்கான்னு பாருங்க.

எண்ணூர்_எக்ஸ்போஷர்:
ஒண்ணு விட்டுப்போச்சு. ஏசி ரூம்ல இருந்து நேரா கடற்கரைக்குப் போனா க்ளாஸ் வேர்க்கும். ஜிப் கவர்ல போட்டு வெளியில அரை மணி வைங்க, அப்புறம் திறங்க. துடைக்கும்போது முதல்ல ப்ளோயர். லென்ஸ் லிக்விடை லென்ஸ் டிஷ்யூல விடுங்க, க்ளாஸ் மேல விடாதீங்க. உப்பைக் காய்ஞ்ச துணியில தேய்ச்சா கோட்டிங் போச்சு.

மதியத்துல 250 மி.மீ. வெச்சு எண்ணூர் முகத்துவாரத்துக்கு அந்தப் பக்கம் தெரியுற அனல்மின் நிலையச் சிம்னியை எடுத்தா நெளியும். அது அனல் காத்து, எந்த லென்ஸும் உதவாது. காலையில எடுங்க.

அப்புறம், நீங்க அனுப்பின சாம்பிளை வாட்ஸ்அப்ல போட்டோவா அனுப்பியிருக்கீங்க. அதுவே சுருக்கிடும். டாக்குமெண்டா அனுப்புங்க, பார்த்துட்டு சொல்றேன்.