ரிப்பேர் முடிஞ்சு வந்த வண்டியில நேவிகேஷன் செத்துப்போச்சு: எல்லைப் பக்கத்து ஆளுங்க உங்க அனுபவத்தையும் சொல்லுங்க

கொழிஞ்சாம்பாறைக்காரன்

ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு, இன்னும் மனசு ஆறல. அதான் எழுதறேன்.

தென்னை மட்டையும் குலையும் சேர்ந்து விழுந்து ரூஃப் அமுங்கிப் போச்சு. இன்சூரன்ஸ்ல போட்டுக் கோயமுத்தூர் ஷோரூம்லயே டிங்கரிங், பெயிண்ட் எல்லாம் பண்ணுனாங்க. பெயிண்ட் வேலை அருமை, அதைக் குறை சொல்ல மாட்டேன். வேலந்தாவளம் தாண்டறப்பத்தான் ஸ்கிரீனைப் பாத்தேன். அம்பு இன்னும் ஷோரூம் யார்டுலயே நிக்குது. போன் பண்ணுனா, "பேட்டரி கழட்டி மாட்டியிருக்கோம் சார், ரெண்டு நாள் ஓட்டுங்க, தானாப் புடிச்சுக்கும்"னு அட்வைசர் சொன்னாரு. புடிக்கல. மறுபடி கொண்டுபோய் விட்டேன். எஃப்.எம். போட்டுக் காட்டி, "பாட்டு கேக்குதுங்களா, அப்ப ஆன்டெனா நல்லாத்தான் இருக்குது. சாஃப்ட்வேர்தான் பிரச்சினை"ன்னு அப்டேட் போட்டு 1,800 ரூபா பில்லு. அம்பு அங்கயேதான் நின்னுது.

அடுத்த வாரம் ஒரு ராத்திரி, தங்கச்சிக்கு வலி வந்துருச்சுன்னு திருச்சூர்ல இருந்து மாப்பிள்ளை கூப்புட்டாரு. அம்மாவை ஏத்திக்கிட்டுக் கிளம்பறப்ப மணி பன்னெண்டே முக்கால், அடிமழை. என் போன்ல சார்ஜ் இல்ல, அம்மாகிட்ட இருக்கறது பட்டன் போன். குதிரான் சுரங்கம் வரைக்கும் பழகுன ரோடு. மண்ணுத்தியில டவுனுக்குத் திரும்பறதை மழையில விட்டுட்டு பைபாஸ்லயே நேரா போயிட்டேன். பாலியேக்கரா டோல்கேட் விளக்கைப் பாத்தப்பத்தான் தப்பு தெரிஞ்சுது. திரும்பி ஆஸ்பத்திரி போய்ச் சேர்றதுக்குள்ள தங்கச்சியை தியேட்டருக்குள்ள கொண்டு போயிட்டாங்க. உள்ள போறதுக்கு முன்னால அம்மா கையை ஒருதடவை புடிச்சுக்கணும்னு கேட்டுக்கிட்டே இருந்தாளாம். தாயும் புள்ளையும் சுகம். ஆனா அம்மா அந்த வராந்தாவுல ஈரச் சேலையோட கதவையே பாத்துக்கிட்டு நின்னது என் கண்ணை விட்டுப் போகல.

கடைசியில எங்க ஊர்ல கார் ஆடியோ மாட்டற தம்பிகிட்டக் காட்டுனேன். பின்பக்க பில்லர் ட்ரிம்மைக் கழட்டி உள்ள கையை விட்டு ஒரு நீலப் பிளக்கை வெளிய எடுத்தான். மாட்டாமத் தொங்கிட்டு இருந்துருக்குது. அதைச் சுத்தி ஸ்பாஞ்ச் டேப். ஆடி ஆடித் தகரத்துல இடிச்சுச் சத்தம் வரக்கூடாதுன்னு சுத்தியிருக்காங்க. தம்பி டேப்பைப் பிரிச்சு 'டிக்'குனு மாட்டுனான். கொஞ்ச நேரத்துல அம்பு யார்டை விட்டு எங்க கடைவீதிக்கு வந்து நின்னுச்சு. 100 ரூபா வாங்குனான்.

மறந்திருந்தா நான் மன்னிச்சிருவேன். மறந்துபோறவன் டேப் சுத்த மாட்டான்.

புளியரை பஸ் ஸ்டாப்

எனக்கு நீலப் பிளக் இல்ல, வேற பாடு. எங்க வண்டியில ஆன்டெனா கூரையில கிடையாது, டேஷ்போர்டுக்குள்ள, முன் கண்ணாடிக்கு அடியில இருக்கு. ஆரியங்காவு இறக்கத்துல டிப்பர்ல இருந்து கல்லு தெறிச்சுக் கண்ணாடி போச்சு. ஷோரூம்லதான் மாத்துனேன். வெயில் சூடு உள்ள வராதுன்னு சொல்லி வேற வகைக் கண்ணாடியைப் போட்டுட்டாவ. அதுக்கப்புறம் தென்காசி ரோட்டுல நேவிகேஷன் ஒருமாதிரி ஓடும், மலை ஏறுனா நின்னுரும். மூணு தடவை போனேன். மூணாவது தடவை யூனிட்டையே மாத்தணும்னு சொல்லிட்டாவ. எனக்கு வயிறு எரிஞ்சுபோச்சு.

விடை கயத்தாறு டோல்ல கிடைச்சுது. பழைய கண்ணாடியோட ஃபாஸ்டேக்கும் போயிட்டதால புதுசு வாங்கி, இன்னும் ஒட்டாம கண்ணாடிக்கு உள்பக்கம் சாத்தி வச்சிருந்தேன். மேல இருக்க மெஷின் எடுக்கலை. பின்னால லாரிக்காரன் ஹாரனை விடாம அழுத்துதான். டோல் பையன் கை மெஷினைக் கொண்டாந்து கண்ணாடிமேலயே வச்சுப் பாத்தான், அப்பவும் எடுக்கலை. "அண்ணாச்சி, அதைக் கையில எடுத்து வெளிய நீட்டுங்க"ன்னான். ஜன்னலுக்கு வெளிய நீட்டுனேன். உடனே பீப்னு சத்தம். "டேக் நல்லாருக்கு, கண்ணாடிதான் மறைக்குது"ன்னான் அந்தப் பையன். எனக்கு உடம்பு சிலிர்த்துட்டு. ஷோரூம்ல மூணு தடவையும் ஒருத்தரும் சொல்லாததை அந்தப் பையன் ஒரு நிமிஷத்துல சொல்லிட்டான்.

சூட்டைத் திருப்பி அனுப்பறதுக்குக் கண்ணாடியில மெல்லிசா உலோகப் பூச்சு இருக்கும். அது சாட்டிலைட் சிக்னலையும் சேத்துத் திருப்பிரும். கம்பெனியே அந்த மாதிரிக் கண்ணாடி போட்டா, டேக் ஒட்டறதுக்குக் கொஞ்ச இடம் பூச்சில்லாம விட்டிருப்பாங்க. போன்ல சாட்டிலைட் எண்ணிக் காட்டுற ஆப் போட்டுப் பாத்தேன்: உள்ள வச்சா 5, ஜன்னலுக்கு வெளிய நீட்டுனா 19. சாதாக் கண்ணாடிக்கு மாத்துன அன்னைக்கே சரியாயிட்டு.

மீனாட்சிபுரம் டிங்கர்

முதல்ல எழுதுன அண்ணனுக்கு. நான் 14 வருஷம் பாடி ஷாப்ல வேலை செஞ்சவன். கனெக்டருக்கு ஸ்பாஞ்ச் சுத்தறது கம்பெனியிலயே உண்டுங்க. சத்தம் வரக்கூடாதுன்னு அவங்களே சுத்தித்தான் அனுப்புவாங்க. நீங்க பாத்தது அதாவே இருக்கலாம். ஹெட்லைனரை, அதாவது கூரைக்கு உள்பக்கம் இருக்கற துணித் தட்டை, இறக்கறவன் ஒருத்தன், தட்டி நிமுத்தறவன் ஒருத்தன், பெயிண்ட் அடிக்கறவன் ஒருத்தன், திரும்ப ஏத்தறவன் இன்னொருத்தன். அதுல ஏத்தறவனுக்குத்தான் நேரமே இருக்காது, அஞ்சு மணிக்கு டெலிவரின்னு மேல இருந்து கத்துவாங்க. தெரிஞ்சே செஞ்சான்னு ஒருத்தன் மேல பழி போடறது பெரிய வார்த்தைங்க.

ஏன் இதைச் சொல்றேன்னா, நானும் ஒரு பிளக்கை மாட்டாம விட்டிருக்கேன். ரூஃப் வேலை, இதே மாதிரித்தான். வண்டி போய் மூணு நாள் கழிச்சு ராத்திரி படுத்திருக்கறப்ப திடீர்னு தோணுச்சு, அந்த 'டிக்' சத்தம் கேட்ட ஞாபகமே இல்லையேன்னு. எந்திரிச்சு உக்காந்துட்டேன். அடுத்த வாரமே அந்த வண்டி நேவிகேஷன் கம்ப்ளெயிண்ட்டுன்னு வந்துச்சு. எலெக்ட்ரிக்கல் பக்கம் போயிருச்சு, எங்கிட்ட யாரும் கேக்கல. வேலை போயிருமோன்னு பயத்துல நான் வாயைத் திறக்கல. புது யூனிட் போட்டு அந்தப் பெரியவர்கிட்டப் பணம் வாங்குனாங்க. மாட்டறப்ப வயரை எல்லாம் பாத்துருப்பாங்க போல, சரியாயிருச்சு. அவர் கவுன்ட்டர்ல நோட்டை எண்ணிக் குடுத்ததை நான் பெயிண்ட் பூத் வாசல்ல நின்னு பாத்துக்கிட்டு இருந்தேன்.

கொழிஞ்சாம்பாறைக்காரன்

தம்பி, நீங்க மனசுவிட்டுச் சொன்னதுக்கு மரியாதை. ஆனா டேப் விஷயத்துல நான் விட்டுக்குடுக்க மாட்டேன். கம்பெனி சுத்துனது பக்கத்து வயர்ல இருந்துச்சு, கறுப்பா, துணி மாதிரி. இது வெள்ளை ஸ்பாஞ்ச், பிசின் ஈரமா கையில ஒட்டுச்சு. போட்டோ எடுத்து வச்சிருக்கேன்.

மீனாட்சிபுரம் டிங்கர்

வெள்ளை ஸ்பாஞ்சுன்னா கம்பெனி டேப் இல்லீங்க. அது நாங்க பட்டறையில வச்சிருக்கறது. நான் சொன்னது தப்பு.

வண்டிப்பெரியார்

இவ்வளவு கஷ்டம் எதுக்கு, போன்ல மேப் போட்டுட்டுப் போக வேண்டியதுதானே? நான் வண்டி ஸ்கிரீனைத் தொட்டே ரெண்டு வருஷம் ஆச்சு.

புளியரை பஸ் ஸ்டாப்

ஆரியங்காவு தாண்டித் தென்மலைக் காட்டுக்குள்ள டவர் போயிட்டு போயிட்டு வரும். மேப்பை முன்னாடியே இறக்கி வச்சிருந்தா போன் ஓடும், இல்லைன்னா வெள்ளை ஸ்கிரீன்ல நீலப் புள்ளி மட்டும் நிக்கும். வண்டியில மேப் உள்ளயே இருக்கு, டவர் தேவையில்ல. காசு குடுத்து வாங்குன பொருள் வேலை செய்யணும்னு கேக்கறதுல என்ன தப்பு?

ஏலக்காய் மலை

கம்பத்துல இருந்து எழுதறேன். என்னோடது ரிப்பேர் ஆன கதைதான், ஆனாலும் இங்கதான் சொல்லணும்னு தோணுது.

வண்டி அப்பாவோடது. ஏலக்காய் வியாபாரம். கம்பம்மெட்டு ஏறி வண்டன்மேடு, புற்றடி, நெடுங்கண்டம்னு தோட்டம் தோட்டமாப் போயி காய் எடுப்பாரு. காய் உலர்த்தற ஸ்டோருக்குப் போற ஜீப்பு ரோடெல்லாம் எந்த மேப்புலயும் இருக்காது. அதனால போற இடத்துல எல்லாம் நின்னு ஸ்கிரீன்ல குறிச்சு வச்சாரு. இங்கிலீஷ் எழுத்துல தமிழ்ல அடிச்சு வச்சிருப்பாரு. 'பெரிய பலா ஸ்டோர்', 'நாய் அவுத்து விட்ருப்பாங்க', 'சுடுதண்ணி குடுக்கற வீடு', 'மழைல போகாதே'. நாப்பதுக்கு மேல இருக்கும். அவர் தவறி எட்டு மாசம் ஆச்சு. அந்தப் பட்டியலை வச்சுத்தான் நான் வியாபாரத்தையே எடுத்து நடத்துறேன்.

போன மாசம் ஏ.சி. வேலைக்குத் தேனியில விட்டேன். திரும்பி வந்ததும் நேவிகேஷனைத் தொட்டா அப்படியே உறைஞ்சு நிக்குது. கொண்டு போனேன், வாரண்டி பாக்கி இருந்துச்சு, புது யூனிட்டே போட்டுக் குடுத்தாங்க. ஒரு பைசா வாங்கல, நல்லபடியாத்தான் பேசுனாங்க. பழைய மேப் கார்டைப் போட்டா எடுக்கல, அது பழைய யூனிட்டோட பூட்டுனதாம், வேற கார்டு குடுத்தாங்க.

கம்பம்மெட்டு செக்போஸ்ட்டுக்கிட்ட ஓரங்கட்டி 'சேமித்த இடங்கள்'னு இருக்கறதைத் தொட்டேன். காலியா இருந்துச்சு. ஒரு வரிகூட இல்ல. வண்டிய ஆஃப் பண்ணிப் போட்டேன், மறுபடி தொட்டேன். பின்னால ஜீப்புல வேலைக்குப் போற பொம்பளைங்க எல்லாம் எட்டிப் பாத்துட்டுப் போனாங்க. நான் அங்கயே அரை மணி நேரம் உக்காந்திருந்தேன்.

மாத்தறதுக்கு முன்னால "உள்ள ஏதாச்சும் வச்சிருக்கீங்களா"ன்னு ஒருத்தர் ஒரே ஒரு வார்த்தை கேட்டிருந்தா போதும்.

குழித்துறை ஆறு

என் கதை சின்னது. களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் ஒரு ஷோரூம்ல டேஷ்போர்டைத் திறந்து ஏ.சி. கூலிங் காயில் மாத்துனாங்க. அப்புறம் வெட்டவெளியில நேவிகேஷன் சரியா இருக்கும், மரம் மூடுன ரோட்டுலயும் பாலத்துக்கு அடியிலயும் அம்பு நின்னுரும். யூனிட்டுக்குப் பின்னால ஸ்பீடு சிக்னல் வயர் மாட்டாம இருந்துச்சு, அவ்வளவுதான். சாட்டிலைட் தெரியாத இடத்துல சக்கர வேகத்தை வச்சுத்தான் அது கணக்குப் போட்டு அம்பை நகத்தும். குதிரான் சுரங்கம் ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. அந்தப் பக்கம் இருக்கவங்களுக்கு அதைவிட நல்ல சோதனை கிடையாது. உள்ள போனதும் அம்பு வாசல்லயே நின்னா இந்த வயரைப் பாக்கச் சொல்லுங்க.

மத்தபடி மேல எழுதுனவங்களை ஏமாத்துன வார்த்தைகளைப் பாத்து எனக்குக் கோவம் வருது, அதனால கொஞ்சம் நீளமாச் சொல்றேன். 'ரெண்டு நாள் ஓட்டுங்க'ங்கறது பொய். பேட்டரி கழட்டுனா சாட்டிலைட் எல்லாம் எங்கெங்க இருக்குங்கற பட்டியலை யூனிட் மறந்துபோகலாம், உண்மைதான். ஆனா முழுப் பட்டியலும் வானத்துல இருந்து இறங்க 12.5 நிமிஷம்தான் ஆகும். மைதானம் மாதிரித் திறந்த இடத்துல எஞ்சினை ஓடவிட்டு இருபது நிமிஷம் நிறுத்துங்க. இடத்தைச் சொல்ல நாலு சாட்டிலைட் போதும். அப்பவும் ஒண்ணுகூடக் கிடைக்கலைன்னா பெரும்பாலும் வயர்லயோ ஆன்டெனாவுலயோதான் கோளாறு. 'பாட்டு கேக்குது, அதனால ஆன்டெனா நல்லது'ங்கறதும் தப்பு. எஃப்.எம். 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ், ஜி.பி.எஸ். 1575.42 மெகாஹெர்ட்ஸ். கூரையில சுறாத் துடுப்பு மாதிரி நிக்கற ஒரே ஆன்டெனா மூடிக்குள்ள ரெண்டும் இருந்தாலும் பிளக் தனித்தனி. ஜி.பி.எஸ். பிளக்குக்கு நீலம்னு கார்த் தொழில்லயே நிறம் ஒதுக்கியிருக்கு. அந்த வயர் வழியாத்தான் யூனிட்ல இருந்து ஆன்டெனாவுக்கு சின்ன வோல்ட்டேஜும் போகுது. சிக்னல் 20,200 கிலோமீட்டர் மேல இருந்து வருது, அவ்வளவு பலவீனமானதை அந்த வோல்ட்டேஜ் இல்லாம எடுக்க முடியாது. நிறைய யூனிட்ல சர்வீஸ் மெனுவுக்குள்ள போனா ஆன்டெனா 'ஓப்பன்'னு, அதாவது வயர் சேரலைன்னு, அதுவே காட்டிரும். மெக்கானிக்கை அதைத் திறக்கச் சொல்லிப் பக்கத்துல நில்லுங்க. டேஷ்கேமும் மலிவு சார்ஜரும் இருந்தா ஒருதடவை பிடுங்கிட்டுப் பாருங்க, அதோட இரைச்சலே சிக்னலை மூடிரும்.

யூனிட் மாத்துனாங்கன்னா ரோடு நம்பரைக் கவனிங்க. 2010-ல நெடுஞ்சாலை நம்பரை எல்லாம் மாத்துனாங்க, பாலக்காட்டுப் பக்கம் 47 இப்ப 544, எங்க பக்கம் அதே 47 இப்ப 66. ஸ்கிரீன்ல இன்னும் 47-ன்னு வந்தா பழைய மேப்பைத் தலையில கட்டியிருக்காங்கன்னு அர்த்தம். தேதி பத்தொம்பதரை வருஷம் பின்னால காட்டுனா அதுவும் பழைய சாஃப்ட்வேர்தான்: ஜி.பி.எஸ். வாரக் கணக்கு 1,024 வாரத்துக்கு ஒருதடவை பூஜ்யத்துக்குத் திரும்பும், 1999 ஆகஸ்ட்லயும் 2019 ஏப்ரல்லயும் திரும்புச்சு. வண்டியை விடும்போது 'நேவிகேஷன் வேலை செய்கிறது'ன்னு ஜாப் கார்டுல எழுத வைங்க. எடுக்கும்போது கேட்டுக்கு வெளிய வந்து அம்பு நகருறதைப் பாத்துட்டுக் கையெழுத்துப் போடுங்க.

மீனாட்சிபுரம் டிங்கர்

ஏலக்காய் மலை தம்பி, இதைப் படிங்க. வாரண்டியில கழட்டுன பார்ட்டை உடனே தூக்கிப் போட மாட்டாங்க. கம்பெனி பாக்கறதுக்குன்னு டேக் கட்டி ஷோரூம் ஸ்டோர்லயே கொஞ்ச நாள் வச்சிருப்பாங்க. போன மாசம்னா உங்க பழைய யூனிட் இன்னும் அங்கயே இருக்க வாய்ப்பு இருக்குது. ஸ்கிரீன் உறைஞ்சதாலயே உள்ள இருக்கற மெமரி அழிஞ்சிருக்கும்னு இல்ல. ஜாப் கார்டு நம்பரை எடுத்துக்கிட்டு வாரண்டி செக்ஷன் ஆளை நேரா பாருங்க. போன் பண்ணிக் கேக்காதீங்க, இல்லைன்னு சொல்லி வச்சிருவாங்க. அவங்க பெஞ்சுல ஒருதடவை பவர் குடுத்து ஆன் பண்ணச் சொல்லுங்க. பென் டிரைவுல ஏத்த முடியலைன்னா ஒவ்வொரு இடமாத் திறந்து போட்டோ எடுத்துக்கோங்க.

ஏலக்காய் மலை

இப்பத்தான் பாத்தேன் அண்ணே. பில்லைத் தேடி எடுத்துட்டேன். காலையில முதல் பஸ்ஸுக்குத் தேனி போறேன். அம்மாவும் வரேங்குது.